யான்டாய்ல நான் திருப்பிப் போட்ட மீன்

உன் தட்டுல ஒரு முழு மீன் கீது. மேல் பக்கத்த தின்னு முடிச்சிட்ட. அடிப்பக்கம் அப்டியே கீது. இப்ப நீ இன்னா பண்ணுவ?

திருப்பிப் போடுவ. வேற இன்னா. நானும் அத்த தான் பண்ணேன். பத்து நாளா எனுக்கு தூக்கம் சரியில்ல.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். ஊரு எண்ணூராண்ட நெட்டுக்குப்பம். அப்பா ஃபைபர் போட்டுல கடலுக்கு போறவரு. அவரு பொண்ணு நான், பி.இ. மெக்கானிக்கல், துறைமுகத்துல கிரேன் வேல. இப்பல்லாம் கிரேன ஓட்ட மேல ஏறி கூண்டுல குந்த வேணாம். ஏசி ரூம்ல ஸ்க்ரீன பாத்துகினு ஜாய்ஸ்டிக்க ஆட்டினா போதும், தூரத்துல கிரேன் பெட்டிய தூக்கும். அத்த கத்துகினு வான்னு கம்பெனி என்ன சீனாவுல யான்டாய்ன்ற ஊருக்கு அனுப்பிச்சு நாலு மாசம் ஆவுது.

ஊரு கடலோரம். துறைமுகம் கீது, மீன் புடிக்கற போட்டு கீது, லாரி வரிசை கீது. அட நம்ம ஏரியா தான்னு ஷோக்கா வந்து எறங்கினேன். மொத நாளே பல்பு. கடல் கீது, கடல் நாத்தம் இல்ல. குளுரு மூக்க அறுக்குது. நம்மூர்ல எங்கப்பா கடல்லேர்ந்து பவர் ஹவுஸ் புகைக்கூண்ட பாத்து தான் கரை எந்தப் பக்கம்னு கண்டுபுடிப்பாரு. இங்க கரை முழுக்க மாடி வூடு, ஒண்ண பாத்தா இன்னொண்ணு மாரியே கீது. நானே என் வூட்ட ரெண்டு தபா தொலைச்சேன்.

நாஸ்டாவுக்கு மன்தோவ்னு ஒண்ணு. வெந்த மாவு உருண்டை. உப்பும் இல்ல, சக்கரையும் இல்ல, இட்லிக்கு ஒண்ணு விட்ட சித்தப்பா மாரி உம்முனு குந்தினு கீது. எங்க போனாலும் குடிக்க சுடுதண்ணி. ஜொரம் வந்தாலும் சுடுதண்ணி, காதலன் வுட்டுட்டு போனாலும் சுடுதண்ணி. இதெல்லாம் கூட பழகிடுச்சு. ஆனா வஞ்சரத்துக்கு தம்பி மாரி ஒரு மீனு, அத்த முள்ளு எடுத்து அரைச்சு கொழுக்கட்ட மாரி மாவுக்குள்ள வெச்சு அவிக்கறாங்க பாரு, அத்த பாத்த அன்னிக்கு நெஞ்சு அடிச்சிகிச்சு. எங்க குப்பத்துல வஞ்சரத்த எவனாவது அரைச்சா பஞ்சாயத்து கூட்டிடுவாங்க. துன்னு பாத்தேன். இருவத்தி ரெண்டு உள்ள போச்சு. பச்ச பூண்ட கடிச்சிகினு துன்னணும். சூப்பரா இருந்துச்சு, அத்த அம்மாவாண்ட சொல்லல.

நான் தங்கறது ஒரு பொம்பள வூட்ல. வயசு அறுவது இருக்கும். பேர் சொல்லி கூப்ட கூடாது, ஆயின்னு தான் கூப்டணும், நம்மூர்ல அத்தைன்ற மாரி. கடிகார ஃபேக்டரில வேல செஞ்சு ரிட்டையர் ஆனவ. புருஷன் இல்ல. ஒரே புள்ள, பேரு லேய். என்ன விட மூணு வயசு பெரியவன். கணவா புடிக்கற பெரிய போட்டுல வேல. கணவா இங்க இல்ல, உலகத்துக்கு அந்தாண்ட, பெரு நாட்டு பக்கம். ஒரு தபா போனா ரெண்டு வருஷம், இந்த தபா போயி பதினாலு மாசம் ஆவுது. சனிக்கெழம மத்யானம் ஆனா சாட்டிலைட் போன்ல மூணு நிமிஷம் பேசுவான். ஆயி பொறந்தது உள்ளார மலப்பக்கம். அந்த வூட்ல மொத மொதலா கடலுக்கு போனவன் லேய் தான்.

எனுக்கு சீன பாஷ அரகொற. ஆயிக்கு இங்கிலீஷ் சுத்தம். போன்ல ஒரு ஆப் கீது, அவ பேசினா அது எனுக்கு இங்கிலீஷ்ல சொல்லும், நான் பேசினா அவளுக்கு சீனத்துல சொல்லும். நான் இங்க நம்ம பாஷைல எழுதறேன். ஆயி இன்னா எண்ணூர்காரியா, இப்டி பேசறான்னு கேக்காத.

போன மாசம் கடைசி சனிக்கெழம லேய் கூப்டல. ஆயி போன மடில வெச்சிகினு சாயங்காலம் வரிக்கும் குந்தினு இருந்தா. "டவர் கெடைச்சிருக்காது"ன்னேன். நடுக்கடல்ல இன்னா டவரு. எதுனா சொல்லணுமேன்னு சொன்னேன்.

மறுநாள் ஞாயித்துக்கெழம ஆயி மீன் செஞ்சா. நம்மூரு கத்தாழ சாதி, முழுசா, தல வாலோட, இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு அவிச்சு நீட்டு தட்டுல வெச்சா. குச்சில எப்டி எடுக்கறதுன்னு எனுக்கு சொல்லிக் குடுக்க வந்தா.

"மீனு துன்றத எனுக்கு சொல்லித் தரியா ஆயி?"ன்னு குச்சிய கீழ வெச்சேன். கைல எறங்கினேன். ரெண்டு நிமிஷத்துல மேல் பக்கம் க்ளீன். ஒரு முள்ளு கூட ஒடையல. ஆயி சிரிச்சா, கட்ட வெரல காட்டினா. எனுக்கு ஏறிடுச்சு. வால புடிச்சு மீன ஒரே திருப்பு திருப்பிப் போட்டேன். சாறு மேஜ மேல தெறிச்சுது.

ஆயி கை அப்டியே நின்னுச்சு. மீன பாத்தா. என்ன பாக்கல. குச்சிய கிண்ணத்து மேல மெதுவா வெச்சிட்டு எழுந்து அவ ரூமுக்கு போயி கதவ சாத்திகினா.

நான் இன்னா பண்ணேன் தெரியுமா? மிச்ச மீனையும் துன்னேன். வீணாக்க கூடாதுல்ல.

கைல துன்னது தான் புடிக்கலன்னு நெனச்சிகினேன். திங்கக்கெழம கேன்டீன்ல லின்னாண்ட சொன்னேன். லின் என்கூட ட்ரெய்னிங் எடுக்கற இந்த ஊரு பொண்ணு, நல்லா இங்கிலீஷ் பேசுவா, என்ன ஓட்டறது தான் அவளுக்கு முழு நேர வேல. கதைய கேட்டுட்டு சிரிக்கல.

"திருப்பினியா? கையால?"

"ஆமா. இன்னா இப்ப?"

"மேல துன்னு முடிச்சா நடு முள்ள எடுத்துட்டு அடிப்பக்கத்த துன்னணும். மீன திருப்ப கூடாது. கடலோரத்துல எந்த வூட்லயும் திருப்ப மாட்டாங்க. மீனு தான் படகு. மீனு கவுந்தா படகு கவுந்த மாரி."

நான் என் வலது கைய பாத்துகினேன்.

"ஆயி பையன் கடல்ல தான கீறான்?"

"ஆமா."

"சனிக்கெழம கூப்டானா?"

"இல்ல."

லின் கரண்டிய கீழ வெச்சா. "மீன்காரங்க வூட்டு பொண்ணுன்னு தான நாலு மாசமா உதார் வுட்டுகினு கீற?"

அது தான் வலிச்சுது. ஏன்னா எனுக்கு தெரியாத சங்கதி இல்ல இது. எங்கப்பா கடல்ல இருக்கறப்ப எங்கம்மா ஒரு குண்டான கூட கவுத்து வெக்க வுட மாட்டா. கழுவினா வாய் மேல பாக்க தான் வெக்கணும். தண்ணி தேங்கும், கொசு வரும், நானும் எங்கண்ணனும் கத்துவோம், அவ கேக்க மாட்டா. குண்டான் கவுந்தா படகு கவுந்துடும். இருவத்தி மூணு வருஷம் அந்த வூட்ல வளந்துட்டு, இங்க வந்து மீன கவுத்திருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லு, எங்க வூட்ல மீனு கொழம்புல துண்டா தான் வரும். ஆறு துண்டா வெட்டின படகு எங்க கவுந்துடும்? முழு மீன் ஒண்ணு தட்டுல படகு மாரி மெதந்துகினு வரும்னு எனுக்கு எப்டி தோணும்?

இப்டி நானே எனுக்கு வக்கீலு வேல பாத்துகினேன். பிரயோஜனம் இல்ல. ஆயி கோவமா கூட இல்ல. சோறு ஆக்கி மேஜ மேல மூடி வெச்சிட்டு ரூமுக்குள்ள போயிடறா. திட்டினா கூட பரவால்ல.

செவ்வாக்கெழம எதுனா செஞ்சே ஆவணும்னு முடிவு பண்ணேன். ட்ரெய்னிங் முடிஞ்சு வர வழில பூக்கடை. மஞ்ச சாமந்தி, கொத்து கொத்தா, இவ்ளோ பெருசு. நம்மூர்ல சாமந்தி இல்லாம இன்னா நடக்குது? ஒரு பெரிய கொத்தா வாங்கிகினு பஸ்சு ஏறினேன். எங்க பஸ்சுல கூட்டம்னா டோல்கேட்லேர்ந்து எண்ணூர் வரிக்கும் அடுத்தவன் அக்குள்ல தான் மூஞ்சி இருக்கும். இங்க என் பக்கத்து சீட்டு காலி. ஒரு கெழவரு குந்த வந்தாரு, பூவ பாத்தாரு, போயி அந்தாண்ட நின்னுகினாரு. அவரு நிக்கறத பாத்து எனுக்கு ஒரு மாரி ஆச்சு. போட்டோ எடுத்து லின்னுக்கு அனுப்பிச்சேன். அடுத்த செகண்டு போன் வந்துச்சு.

"எங்க கீற?"

"பஸ்சுல. ஆயிக்கு குடுக்க தான். நல்லா கீதா?"

"எறங்கு."

"ஏன்?"

"அது சாவுக்கு வெக்கற பூ. சமாதிக்கு எடுத்துகினு போறது. ஒடனே எறங்குடீ."

எறங்கிட்டேன். எந்த ஸ்டாப்புன்னு தெரியாது. போனும் அப்டியே ஆஃப் ஆயிடுச்சு, குளுருல சார்ஜு நிக்காது. இந்த ஊர்ல போன் செத்தா நீயும் செத்த மாரி தான். பஸ்சுக்கு போனு, டீக்கு போனு, கதவ தொறக்கவும் போனு. கைல காகிதத் துட்டு வெச்சிருக்கறவன் யாரும் இல்ல, நானும் இல்ல. நடந்தேன். கைல பூக்கொத்து. எதுக்க வரவங்கல்லாம் வழி வுடறாங்க. குப்பத் தொட்டில போட மனசு வரல, சாமந்திய எப்டி குப்பைல போடுவ? கடல்ல வுட்டுடலாம்னு கடலோர செவுத்தாண்ட வரிக்கும் போனேன். கைய தூக்கினப்ப தான் ஒறைச்சுது, சாவு பூவ கடல்லயா போடப் போற, லூசு. ஒரு பார்க்குல செடி வெச்சிருந்தாங்க, நடுவுல காலி மண்ணு. அங்க ஒவ்வொரு காம்பா நட்டு வெச்சிட்டு வந்தேன். ஒண்ற மணி நேரம் நடை. வூட்டு வாசல்ல என் மூஞ்சிய பாத்த ஆயி ஒண்ணும் கேக்காம சுடுதண்ணி குடுத்தா. குடிச்சேன்.

புதன்கெழம சாப்பாட்டு நேரத்துல அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். எறா உரிச்சிகினு இருந்தா.

"இன்னாடி மூஞ்சி செத்து கீது. சோறு துன்னியா?"

எல்லாத்தையும் சொன்னேன். எறா உரிக்கற கை நின்னுச்சு.

"கஸ்மாலம். கடலுக்கு போறவன் சோத்த துன்னு வளந்தவ தான நீ. அந்த புத்தி வேணாம்?"

"முழு மீனும்மா. நம்ம வூட்ல ஏது முழு மீனு."

"வாய மூடு. அந்தம்மா இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நான் போயி சாரி கேக்கட்டா?"

"கேட்ட, செருப்பு பிஞ்சிடும். சாரின்னா இன்னா அர்த்தம்? உன் புள்ளைக்கு ஆயிடுச்சு, நான் தான் காரணம்னு அர்த்தம். அத்த அவ மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறியா?"

பி.இ. படிச்ச எனுக்கு இது தோணவே இல்ல.

"அப்ப இன்னாமா பண்றது?"

"போயி பக்கத்துல குந்து."

"குந்தி?"

"குந்து, அவ்ளோ தான். அவ கைல இன்னா வேல கீதோ அதுல பாதிய வாங்கி செய். போட்டு பத்தி வாய தொறக்காத. உனுக்கு அது கஷ்டம் தான். அந்த புள்ள பேரு இன்னா?"

"லேய்."

"லேய்யா? இன்னா பேரோ. சரி, கோயில்ல கங்கையம்மாவாண்ட சொல்றேன், அவளுக்கு புரியும்."

அவ சொன்னது எனுக்கு கண்ணு முன்னாடி வந்துச்சு. எங்க குப்பத்துல ஒரு போட்டு லேட்டானா, அந்த வூட்டுக்கு பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வந்து குந்திப்பாங்க. யாரும் போட்டுன்னே சொல்ல மாட்டாங்க. பேன் பாப்பாங்க, எறா உரிப்பாங்க, எவ மருமவ எவளோட சண்டன்னு பேசுவாங்க, சிரிக்க கூட சிரிப்பாங்க. போட்டு கரைக்கு வந்ததும் எழுந்து போயிடுவாங்க. சின்ன வயசுல அத்த வெட்டி அரட்டைன்னு நெனச்சேன். அது ஒரு வேல. எங்கம்மாவுக்கு அந்த வேல தெரியும், அவங்கம்மாவுக்கும் தெரியும். ஆயிக்கு தெரியாது. அவளுக்கு அக்கம்பக்கத்துல பழக்கம் கீது, ஆனா கடலுக்கு ஆள அனுப்பிச்சிட்டு குந்தற பொம்பள அந்த பில்டிங்லயே அவ ஒருத்தி தான்.

வியாழக்கெழம மத்யானத்துக்கு மேல எனுக்கு லீவு. ஆயி கொழுக்கட்டைக்கு மாவு தேச்சிகினு இருந்தா. பக்கத்துல போயி குந்தினேன். அவ தேச்சு வெச்ச வட்டத்துல ஒண்ண எடுத்து மீன் விழுத வெச்சு மூடினேன். நண்டு மாரி வந்துச்சு. ஆயி அத்த வாங்கி அழுத்தி சரி பண்ணி வெச்சா. அடுத்ததும் நண்டு. அதையும் சரி பண்ணா. பத்து பதினஞ்சு நண்டுக்கு அப்பால அவளே பேச ஆரம்பிச்சா. சாயங்காலம் மைதானத்துல பொம்பளைங்க பாட்டு போட்டு வரிசையா ஆடுவாங்க, அதுல மூணாவது மாடிக்காரி எப்பவும் மொத வரிசைல போயி நின்னுக்கறாளாம்.

"ஆடத் தெரியுமா அவளுக்கு?"ன்னேன்.

"மாடு சேத்துல நடக்கற மாரி ஆடுவா."

ரெண்டு பேரும் சிரிச்சோம். நல்லா தான் போயிகினு இருந்துச்சு. அப்பால ஆயி கேட்டா, "உங்கப்பா கடலுக்கு போனா உங்கம்மா இன்னா பண்ணுவா?"

"திட்டிகினே இருப்பா. டிவி பாப்பா. குண்டான கவுத்து வெக்க மாட்டா"ன்னேன். வாய்ல வந்துடுச்சு. போன் ஆப் அத்த சீனத்துல, ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற மாரி, பொறுமையா சொல்லுது. நிறுத்த முடியல.

ஆயி எழுந்தா. நேரா சமையக்கட்டு ஸ்டாண்டாண்ட போயி நின்னா. பதினோரு கிண்ணம். எல்லாம் கவுந்து கெடக்கு. எல்லா ஊர்லயும் எல்லாரும் அப்டி தான வெப்பாங்க, தண்ணி வடியணுமே.

ஒரு பயம் போதாதுன்னு இன்னொண்ண கைல குடுத்துட்டேன்னு அப்ப தான் புரிஞ்சுது. எங்கம்மா சரியா தான் சொன்னா, எனுக்கு வாய மூடறது கஷ்டம்.

ஆயி மொத கிண்ணத்த எடுத்து நிமித்தி வெச்சா. ரெண்டாவது. மூணாவது. நானும் எழுந்து போயி அந்த கோடிலேர்ந்து ஆரம்பிச்சேன். கிண்ணம் முடிஞ்சு டம்ளர். டம்ளர் முடிஞ்சு சோறாக்கற பானை. பாத்ரூம்ல செவப்பு பக்கெட்டு. பால்கனில ஒரு காலி பூந்தொட்டி. வாசல்ல ஒரு செருப்பு கவுந்து கெடந்துச்சு, அது என்னுது, அதையும் நிமித்தினேன். வூட்ல கவுந்ததுன்னு ஒண்ணு பாக்கி இல்ல.

ஆயி இடுப்புல கை வெச்சிகினு சுத்தி பாத்தா. அப்பால போன் ஆப்ல சொன்னா, "பதினாலு மாசமா எல்லாம் கவுந்து தான் கெடந்துச்சு. அவன் நல்லா தான இருந்தான்."

சொல்லிட்டு என்ன பாத்தா. நானும் பாத்தேன். அவ கணக்கு சரி தான். கிண்ணம் ஒண்ணும் பண்ணலன்னா மீனும் ஒண்ணும் பண்ணாது. அவ அத்த எனுக்காக சொன்னாளா, அவளுக்கே சொல்லிகினாளான்னு தெரில. ஆனா ஒரு கிண்ணத்த கூட அவ மறுபடி கவுக்கல. நானும் தான்.

வெள்ளிக்கெழம கிரேன் ரூம்ல குந்தி ஸ்க்ரீன பாத்தேன். பெட்டி, கப்பலு, ஓரத்துல கொஞ்சம் கடலு. நாலு மாசமா எனுக்கு கடலுன்றது ஸ்க்ரீன் ஓரத்துல தெரியற நீலக் கலரு. அதுக்கு நடுவுல ஆளு இருப்பான்றதே மறந்து போச்சு.

சனிக்கெழம மத்யானம் ரெண்டு பேரும் மேஜையாண்ட குந்தினோம். பன்னெண்டு ஆச்சு. பன்னெண்டற ஆச்சு. பூண்டு உரிச்சோம். வூட்டுக்கு தேவயான பூண்டுக்கு மேல உரிச்சிட்டோம், நிறுத்தல. ஒண்ணு பத்துக்கு போன் அடிச்சுது. லேய் இல்ல, போட்டு கம்பெனி ஆபீஸ். ஆயி "ம்... ம்..."னு தான் சொன்னா. நான் அவ மூஞ்சிய பாத்துகினு இருந்தேன், அதுல ஒண்ணும் தெரில. வெச்சிட்டு தரைல குந்திட்டா. நானும் எறங்கி பக்கத்துல குந்தினேன்.

அப்பால தான் சொன்னா. இன்ஜின் நின்னுடுச்சாம். கரண்டும் போயி, போனும் போச்சு. பத்து நாளா அலைல சொம்மா மெதந்துகினு இருந்திருக்காங்க. அதே கம்பெனியோட இன்னொரு போட்டு கண்டுபுடிச்சு, இப்ப கயிறு கட்டி இஸ்துகினு வருது. யாருக்கும் அடி இல்ல. கரைக்கு இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ ஆவும். கரை சேந்து தான் பேச முடியும்.

அம்மாவுக்கு சொன்னேன். "கரைல கால வெக்கட்டும், அப்பால பேசு"ன்னு வெச்சிட்டா.

சாயங்காலம் ஆயி கேட்டா, "கட்டி இஸ்துகினு வரப்ப கயிறு அறுந்துடாதா?"

என்னாண்ட தான் கேக்கறா. அந்த வூட்ல கடல் தெரிஞ்சவ நான் தான்.

"எங்கப்பா போட்டு ஒரு தபா நடுவுல நின்னுடுச்சு ஆயி. பக்கத்து போட்டுக்காரு கட்டி தான் இஸ்துகினு வந்தாரு. மெதுவா வரும். ஆனா வரும்"னேன்.

மெய்யாலுமே நடந்தது தான். அன்னிக்கு ரெண்டு தபா கயிறு அறுந்துச்சுன்றத மட்டும் சொல்லல.

ஆயி தலய ஆட்டிகினா. அன்னிலேர்ந்து என்கூட தான் குந்தி சாப்புடறா. மூணாவது மாடிக்காரி கத தெனம் ஒண்ணு வருது. முழு மீனு மட்டும் இன்னும் வெக்கல, நானும் கேக்கல.

இன்னிக்கு புதன்கெழம. இங்க மணி காலைல ஏழு, அங்க நாலற, எங்கப்பா இப்ப தான் போட்ட கடல்ல எறக்கியிருப்பாரு. ஆயி சமையக்கட்டுல கஞ்சி வெச்சிகினு கீறா. லேய்யோட போட்டு இன்னும் கரை சேரல.